உம் ரமாத் தீவின் வெந்த முட்டை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. ஒன்றை மடியில் ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்துக் காட்டும் வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்பத்தொரு வருடமாக அதைத்தான் செய்து வந்தேன். இந்த முறை வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு நைமா வந்தாள். என் தம்பி ஃபுதைனியின் மகள். அவன் போனபோது தவழ்ந்துகொண்டிருந்தவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. நான் பாயில் காயப்போட்ட மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து இரண்டு மீனைப் புரட்டினாள். மீனுக்காக வந்தவள் இல்லை என்று தெரிந்தது.

"அத்தை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு குவைஸ்காரங்க பேச வர்றாங்க."

"நம்ம ஊருக்கா? எதுக்கு?"

"எல்லாம் என் மவன் ஜாபிரால. ஐஸ் ஃபேக்டரியில ஒரு பொண்ணைப் பாத்திருக்கான். குவைஸ் பொண்ணு. இவனே போய் அவ அப்பன்கிட்ட பேசிட்டு வந்து நிக்கிறான். வெக்கங்கெட்டவன்."

"பொண்ணு எப்படி?"

"தங்கமா இருந்தா மட்டும்? என் அப்பனைத் தின்ன ஊரு அத்தை அது." கையில் இருந்த மீனை வைத்தாள். "நீங்க வேற ஒண்ணும் செய்ய வேணாம். சபையில பெரியவங்க நடுவுல உக்காந்து அந்த முட்டைக் கதையை ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நீங்க சொன்னா கல்லும் அழும். அவன் தன்னால எந்திரிச்சுப் போயிருவான்."

சரி என்று சொல்லிவிட்டேன். அவள் போன பிறகுதான் நோட்டை எடுத்தேன்.

ஏன் எழுதவேண்டும்? என் வாய் அந்தக் கதைக்குப் பழகிவிட்டது. பழகிய கழுதை, கயிற்றை விட்டாலும் அதே பாதையில்தான் போகும். கை அப்படி இல்லை. நான் எழுத்தை ஐம்பது வயதுக்கு மேல், மருந்துப் பெட்டியையும் மீன் டப்பாவையும் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றவள். ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு ஆகும். அவ்வளவு மெதுவாகப் போகிற கைக்குப் பொய் வராது என்று நம்பினேன்.

(தப்பு. அடுத்த பகுதியைப் பாருங்கள்.)

2

முதல் தொடக்கம்: "குவைஸ் ஊர்த் திருடர்கள் எங்களுக்கு முன்பே தீவில் இறங்கி—"

அடித்துவிட்டேன். வாய் செய்ததைக் கையும் செய்கிறது, பாருங்கள்.

இரண்டாம் தொடக்கம்: "இந்தக் கடலின் இரண்டு கரைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டிருக்கின்றன. வருடத்துக்கு ஒரு விரலின் அகலம். இவ்வளவு நிதானமாகப் பிரியும் புருஷன் பெண்டாட்டியை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். அவை பிரிகிற தையலில் அடியிலிருந்து நெருப்புக் குழம்பு கசிந்து, கடல் தண்ணீரில் பட்டுக் கறுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி மேலே வந்ததுதான் உம் ரமாத்."

இது நன்றாக இருக்கிறது. கல் படிக்க வந்த ஒருவர் எனக்குச் சொன்னது. அவர் பின்னால் வருவார். ஆனால் கல்லிலிருந்து தொடங்கினால் கதையில் யார்மேலும் குற்றம் இராது. பூமி பிரிகிறது, நெருப்பு வருகிறது, ஆள் சாகிறான், அவ்வளவுதான். எனக்கு அதில் ரொம்ப ஆசையாக இருந்தது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

மூன்றாம் தொடக்கம், சரித்திரம்: தீவின் தென்முனையில் துருக்கியர் காலத்து வெளிச்சவீடு ஒன்று இடிந்து கிடந்தது. அதற்குப் பிறகு வந்த கொடிகள் ஒவ்வொன்றும் அதற்குச் சுண்ணாம்பு அடித்தன, எதுவும் அதில் விளக்கு ஏற்றவில்லை. உள்சுவரில் யாரோ ஒரு காவல்காரன் ஆணியால் நாலு வரி கீறியிருந்தான். எங்களில் ஒருவருக்கும் அது புரியாது. தீவில் இறங்கினால் முதலில் போய் அந்த வரிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

[கல் படிக்கிறவரிடம் கேட்டேன். அவரிடம் அந்தச் சுவரின் பழைய படம் ஒன்று இருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்தார். "மூணு மாசமா மாவுல புழு. அதிகாரி என் கடிதத்துக்குப் பதில் போடல." அவ்வளவுதான் எழுதியிருந்ததாம். நான் எழுதிய கதையாக இருந்தால் அந்தச் சுவரில் ஓர் எச்சரிக்கை இருந்திருக்கும். உண்மையில் இருந்தது புழு.]

எச்சரிக்கை வேறு இடத்தில் இருந்தது.

3

உம் ரமாத் என்றால் சாம்பலின் தாய். பேர் வைத்தவர்கள் எதையோ பார்த்துவிட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பேரைப் பிடித்துக்கொண்டு, பார்த்ததை விட்டுவிட்டோம்.

வடக்கே படகு அண்டாத கருங்கல் செங்குத்து. நடுவில் ஒரு கூம்பு. அதன் வாயைச் சுற்றி மஞ்சள் பூத்திருக்கும், கிட்டே போனால் தீக்குச்சி வாடை. மேற்கே மட்டும் மணல். பறவைகள் அங்கேதான். கோடை முற்றும்போது ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து திறந்த தரையில் முட்டையிடும். எங்கள் வழக்கம் இது: இறங்கிய அன்று ஒரு வட்டத்துக்குக் கல் அடுக்கி, அதற்குள் இருக்கும் முட்டையை எல்லாம் மிதித்து உடைத்துவிடுவோம். மறுநாள் காலை வட்டத்துக்குள் கிடப்பவை எல்லாம் புதியவை, கரு பிடிக்காதவை. கொடுமைதான். எனக்கும் அது இப்போது தெரிகிறது.

மணலில் இன்னொரு பறவை உண்டு. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தடித்த அலகு. நண்டுதின்னி என்போம். அது தரையில் முட்டையிடாது. மணலுக்குள் வளை தோண்டி, ஒரு கை ஆழத்தில் ஒரே ஒரு வெள்ளை முட்டையை வைத்துவிட்டு நண்டு தேடப் போய்விடும். மணலின் இளஞ்சூடே அடைகாக்கும். அந்த முட்டை பெரியது, ருசியானது. ஆனால் தோண்டினால் வளை சரிந்து முட்டை உடைந்துவிடும். மெல்லிய நீளமான கை ஒன்றை உள்ளே விட்டுத்தான் எடுக்கவேண்டும்.

அந்தக் கைக்காகத்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். படகில் பெண்ணை ஏற்றுவது எங்களுக்கு ஆகாது. படகுக்காரர் நாகுதா தர்வீஷ் அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தார்: "நான் ஏத்துறது கையை. மீதி கூடவே வருது. அதுக்கு நான் என்ன பண்ண?"

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பிள்ளை இல்லை என்று இரண்டு வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள். தம்பி வீட்டில் சாப்பிட்டேன். வருடத்தில் அந்தப் பத்து நாள்தான் ஊர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடும். (இதைக் கதை சொல்லும்போது நான் சொல்வதே இல்லை. தேவையில்லாத விவரம் என்று நினைத்துவந்தேன்.)

4

அந்த வருடம் நாலு பேர் போனோம். நாகுதா, நான், தம்பி ஃபுதைனி, அப்புறம் அய்யாஷ். அய்யாஷுக்கு வாய்தான் துடுப்பு.

முதல் நாள் வட்டம் அடுக்கி முட்டைகளை உடைத்தோம். மறுநாள் விடிந்து போய்ப் பார்த்தால் வட்டத்துக்குள் ஒரு முட்டை இல்லை. வெளியேயும் புதியது இல்லை. ஆலாக்கள் எல்லாம் கடல்மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல் உட்கார்ந்திருந்தன. ஒன்றாவது இறங்குமா என்று பார்த்தோம். தரைக்கு ஒரு முழம் மேலே வரும், கத்தும், திரும்பிப் போய்விடும்.

"நாகுதா, கையை ஏத்தினோம். காலும் சேந்து வந்துருச்சு போல" என்றான் அய்யாஷ்.

"வாயை மூடு" என்றான் தம்பி.

"நான் எங்கடா சொன்னேன்? பறவை சொல்லுது. நேத்து வந்துச்சு, உங்க அக்காவைப் பாத்துச்சு, வேணாம்னு போயிருச்சு. ரெண்டு மாப்பிள்ளைக்கே ஆகலை, பறவைக்கு ஆகுமா?"

தம்பி மணலை அள்ளி அவன் முகத்தில் எறிந்தான். நாகுதா யாரையும் அதட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட பார்வை இல்லை. கணக்கு முடித்துவிட்ட பார்வை. இனி எந்தப் படகும் என் கையை ஏற்றாது என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து தெரியாத காலத்திலேயே அதை நான் படித்துவிட்டேன்.

"நண்டுதின்னி வளையைப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

5

இங்கே எனக்கு இந்தப் பெண்மேல், ஹாதியா என்கிற இந்தக் கதாபாத்திரத்தின்மேல், நம்பிக்கை வரவில்லை. அவள் நான்தான். இருந்தாலும் வரவில்லை. அவளுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்று நாற்பத்தொரு வருடமாக நான் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வழக்கமாகச் சொல்வது: "கையை விட்டேன். ஒரு முட்டை அகப்பட்டது. எடுத்துத் தட்டினால், வெந்திருந்தது."

எழுதவேண்டியது: ஐந்தாவது வளையில் கையை விட்டேன். குப்புறப் படுத்து, கன்னம் மணலில் பட, தோள் வரைக்கும். மேல்மணல் எப்போதும் சுடும். எங்கள் உள்ளங்காலுக்கு அது பழக்கம். உள்ளே போகப் போகச் சூடு தணியும். அதுதான் வழக்கம். அன்றைக்குத் தணியவில்லை. விரல் முட்டையைத் தொட்டபோது அடுப்புக் கல்லைத் தொட்டதுபோல்—

மூன்று விரல் நுனிகள் வெந்துபோயின. முட்டையைக் கீழே போடவில்லை. என் மேல்துணியில் சுற்றி எடுத்துவந்தேன்.

நாகுதா தட்டிப் பார்த்தார். ஓடு உரிந்தது. வெள்ளை கட்டியாக இருந்தது, மஞ்சள் உதிர்ந்தது. நாலு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். பச்சை முட்டை எடுக்க வந்த இடத்தில் வெந்த முட்டை.

"உப்புதான் குறைச்சல்" என்று அய்யாஷ் அதைத் தின்றுவிட்டான்.

[சாட்சியைத் தின்ற மனிதன். எண்பது வயது வரை இருந்தான். சாகும்வரை அந்த மாதிரி ஒரு முட்டையைத் தின்றதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.]

"யாரோ அவிச்சிருக்கான்" என்றார் நாகுதா. "அவிச்சு, வளைக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கான். யாரு?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கண்டெடுத்தவள் நான். பறவை வராததற்கு ஒரு காரணம் அங்கே தேவையாக இருந்தது. அந்தக் காரணம் அதுவரைக்கும் நான்.

"குவைஸ்காரங்க" என்றேன். "நமக்கு முன்னாடியே வந்து வளையில இருந்ததை எல்லாம் அள்ளிட்டாங்க. அதான் பறவை மிரண்டு கிடக்கு."

எல்லோருக்கும் அவ்வளவு நிம்மதி. "குவைஸ்காரன் செத்த அப்பன் மையத்தையே எடை போட்டுத்தான் தூக்குவான்" என்று அய்யாஷ் ஆரம்பித்தான். நாகுதாவே சிரித்தார். என் தோளில் ஒட்டியிருந்த மணலைக் காட்டி, "தட்டிக்கம்மா" என்றார். அம்மா என்றார்.

அதன் பிறகுதான் அவருக்கு முறை ஞாபகம் வந்தது. எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரிந்த முறை: திருட்டைச் சொன்னவர்தான் காவல் நிற்கவேண்டும். சும்மா வாய்க்கு வந்தபடி ஒருவர் பேரைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பெண் சொன்னால் அவளுக்காகக் கூடப் பிறந்தவன் நிற்பான்.

"ரெண்டு நாள்" என்றார் நாகுதா தம்பியிடம். "இன்னும் ரெண்டு படகோட வந்துருவோம். அவனுங்க திரும்ப வந்தா சண்டைக்கு நிக்காத. மூஞ்சியை மட்டும் பாத்து வெச்சுக்க."

"அக்கா வாய் பேசுச்சு, தம்பி கால் நிக்குது" என்றான் ஃபுதைனி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

6

[இந்தப் பகுதியை எழுத வரவில்லை. ஒரு தோல்துருத்தித் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்துவிட்டு மதியம் நாங்கள் மூவரும் படகேறினோம். அதற்குச் சற்று முன்பு அவன் என்னிடம் ஒன்று கேட்டான். பின்னால் எழுதுகிறேன்.]

7

அடுத்த நாள் மதியம், காயப்போட்டிருந்த மீன்மேல் சாம்பல் விழுந்தது. முதலில் யார் வீட்டு அடுப்பு என்று பக்கத்து வீட்டைத் திட்டினேன். பிறகு மேற்கே பார்த்தேன். கடலுக்குமேல் ஒரு கறுப்புத் தூண் நின்றது.

நாகுதா அன்றைக்கே படகைத் தள்ளினார். கிட்டே நெருங்க முடியவில்லை, தண்ணீர் கொதித்தது. ஐந்தாம் நாள் மறுபடி போனார், நானும் போனேன். கடல் முழுக்கக் கல் மிதந்தது. நுரைபோல் ஓட்டை ஓட்டையான சாம்பல்நிறக் கல், லட்சக்கணக்கில், ஒன்றோடு ஒன்று உரசிக் கிறுகிறுவென்று பேசிக்கொண்டு. துடுப்பு போட முடியவில்லை. அதற்கு அப்பால் கூம்பில் பாதி இல்லை. வெளிச்சவீடு இல்லை. மேற்குக் கரை மணல் இருந்த இடத்தில் கறுப்புக் கல் கடல் வரைக்கும் வழிந்து வந்து, இன்னும் புகைந்துகொண்டு கிடந்தது. கடலாமைகள் இரண்டு வெந்து மல்லாந்து மிதந்தன. ஃபுதைனி என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

நாங்கள் திரும்பியபோது கரையில் இரண்டு குவைஸ் படகு நின்றது. தூணைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆள் யாராவது மாட்டிக்கொண்டானா என்று கேட்க வந்தவர்கள். தண்ணீர்ப் பானையும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் ஊரார் அவர்களைக் கல்லால் அடித்தார்கள். தீவுக்கு அந்த வருடம் போகவே இல்லை என்று குரானைத் தொட்டுச் சொன்னார் அவர்களில் பெரியவர் ஒருவர். நெற்றியிலிருந்து ரத்தம் வழிய வழியச் சொன்னார். யாரும் நம்பவில்லை. வெந்த முட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து கொடுக்கல் வாங்கல் இல்லை. பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை, மையத்துக்குப் போவதில்லை.

நான் கதை சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். மருதாணி வீடு, பிள்ளை பிறந்த வீடு, எங்கே பெண்கள் கூடினாலும், "ஹாதியா, முட்டைக் கதை." நானும் சொன்னேன். அழுதார்கள். அவர்கள் அழும்போது அவர்களை எல்லாம் அணைத்துக்கொள்ளவேண்டும்போல் இருக்கும். எனக்காக யாரும் அதற்குமுன் அழுததில்லை.

ஒன்பது வருடம் கழித்துத் தலைநகரத்திலிருந்து கல் படிக்கிறவர் வந்தார். தீவுக்குப் போய்விட்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து, காப்பிக்கொட்டைத் தோலில் காய்ச்சிய கிஷ்ர் குடித்தார். பையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்துத் துடைத்தார். மண்ணுக்குள் சூடு பார்க்கிற கம்பியாம்.

"மலை எழுந்திருக்க முன்னாடியே மண்ணு சுட ஆரம்பிச்சிரும். மேல ஒண்ணும் தெரியாது. பறவைக்குத் தெரியும், இறங்காது. ஒரு கை ஆழத்துல முட்டையை வெச்சா வெந்துரும்னா பாத்துக்குங்க" என்றார். உதாரணத்துக்குத்தான் சொன்னார். "இன்னொரு கிஷ்ர் கிடைக்குமாம்மா?"

கொடுத்தேன். மண்டி வராமல் வடித்துக் கொடுத்தேன்.

ஒன்பது வருடம் தெரியாமல் சொன்ன கதை. அடுத்த முப்பத்திரண்டு வருடம் தெரிந்தே சொன்னது.

(மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். "தெரியாமல்" என்ற சொல்லை அடிக்கவா? ஆறாம் பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது.)

8

ஃபுதைனிக்கு நான் கொடுத்த முடிவுகள்:

எங்கள் அம்மாவுக்குச் சொன்னது: அவன் தொழுதுகொண்டிருந்தான், புகையில் தூங்கிப்போனான், வலி தெரியவில்லை.

மருதாணி வீடுகளில் சொல்வது: வெளிச்சவீட்டின் உச்சியில் ஏறி, தலைப்பாகையை அவிழ்த்துக் குவைஸ் படகு ஒன்றைப் பார்த்து வீசினான், அவர்கள் பார்த்துவிட்டும் திரும்பிப் போனார்கள். (இது முழுக்க என் சரக்கு. இதற்குத்தான் அதிகமாக அழுவார்கள்.)

நைமாவுக்கு, அவள் சின்னவளாக இருந்தபோது: உன் அப்பன் நீந்தினான். இன்னும் நீந்துகிறான்.

மூன்றையும் எடுத்துவிடுகிறேன். எனக்குத் தெரியாது. அவன் எந்தப் பக்கம் ஓடினான், என்ன சொல்லிக் கத்தினான், என்னைத் திட்டினானா, தெரியாது. தெரிந்தது அதற்கு முந்தைய நாள் மதியம் மட்டும்.

ஆறாம் பகுதி, இங்கே:

படகில் ஏறப் போனேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

"ஏன்க்கா விரலைச் சப்பிக்கிட்டே இருக்கே?"

மூன்று விரலிலும் கொப்புளம் எழும்பியிருந்தது. வளை சுட்டது என்று சொல்லியிருக்கலாம். அவன் நாகுதாவைக் கூப்பிட்டிருப்பான். நாகுதா ஒரு கம்பை உள்ளே விட்டுப் பார்த்திருப்பார். கிழவர், எத்தனையோ பார்த்தவர், புரிந்துகொண்டிருப்பார். நாலு பேரும் படகேறியிருப்போம். ஆனால் அப்போது குவைஸ்காரன் அவித்த முட்டை இல்லாமல் போயிருக்கும். பறவை வராததற்குக் காரணம் மறுபடி நானாகியிருப்பேன். அம்மா என்று கூப்பிட்டவர் அந்தச் சொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டிருப்பார்.

"முள்ளு" என்றேன். "மீன்முள் குத்திருச்சு."

"எச்சியை வெச்சு அமுக்கு. என் பங்கு மீனை அய்யாஷ் தின்னாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, படகைத் தள்ளிவிட்டான்.

படகைத் தள்ளிவிட்டது அவன்தான். இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

9

இன்று வியாழக்கிழமை. நாளைக்கு மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: சபையில் பழைய கதையையே சொல்கிறேன். ஜாபிர் எழுந்து போகிறான். நைமா என் கையை முத்தமிடுகிறாள், விரல் தழும்பு மூன்றும் அவள் உதட்டில் படுகிறது.

இரண்டு: இந்த நோட்டை வாசிக்கிறேன். குவைஸ் பெரியவரின் மகன் தன் அப்பனின் நெற்றித் தழும்பைப் பற்றி ஏதோ—

மூன்று: எனக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. (இதுதான் நடக்கும் என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள்.)

மூன்றிலும் கதையை முடிப்பவள் நான்தான். எனக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே நைமா, மாலையில் நீ மீன் புரட்ட வரும்போது பாயின் ஓரத்தில், கல் வைத்து, இந்த நோட்டு இருக்கும். உனக்கு வாசிக்கத் தெரியும். சபைக்குக் கொண்டுபோவதும் அடுப்பில் போடுவதும் உன் பாடு. உன் அப்பனைத் தின்ன ஊர் எது என்று இனி நீ சொல். நான் வீட்டில்தான் இருப்பேன், கதவைத் தாழ்போடமாட்டேன்.

கண்ணுகளா, இவ்வளவு தூரம் கூட வந்த உங்களையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். குப்புறப் படுங்கள். கன்னம் மணலில் படட்டும். தோள் வரைக்கும் கையை விடுங்கள். இருக்கிறதா? கீழே போட்டுவிடாதீர்கள், துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். இப்போது எழுந்து வாருங்கள். மூன்று பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒருவன் உங்கள் தம்பி. அவன் உங்களுக்காக இப்போதுதான் ஒருவன் முகத்தில் மணலை எறிந்துவிட்டு நிற்கிறான். கிழவர் ஓட்டைத் தட்டுகிறார், உரிக்கிறார், நிமிர்கிறார்.

"யாரு?" என்று கேட்கிறார்.